வலக்கை அசைய இடக்கை அடங்குவது எவ்வாறு?

ஊசியில் நூல் கோக்கும் மூதாட்டி ஒருவரை நேயர்கள் மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளலாம். இடக்கை ஊசியை அசையாது பிடித்திருக்கின்றது. வலக்கை நூலின் முனையை ஊசிக் கண்ணை நோக்கிச் சிறிது சிறிதாகக் கொண்டு செல்கின்றது. நூல் உள்ளே நுழையும் கணத்தில் வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் செய்கின்ற நுண்ணிய வேலை எல்லோர் கண்ணிலும் படும். இடக்கை செய்யும் வேலையோ எவர் கண்ணிலும் படுவதில்லை. அது சும்மா இருக்கின்றது என்றே பார்ப்பவர் எண்ணுவர். ஆனால், அசையாதிருப்பதும் ஒரு வேலையே. அவ்வேலையைச் செய்ய இயலாதவர்களைக் காணும்போதுதான் அதன் அருமை விளங்கும்.

அத்தகையோர் உலகில் உள்ளனர். அவர்கள் வலக்கை விரல்களை மடக்கினால் இடக்கை விரல்களும் தாமே மடங்கும். ஒரு கையால் பொத்தானைப் பூட்ட முயன்றால் மறு கையும் வெறும் வெளியில் பொத்தான் பூட்டும். கண்ணாடியிற் காணும் பிம்பம் போல ஒரு கையின் செய்கையை மறு கை அப்படியே செய்வதால், வைத்தியர்கள் இதனைப் பிம்ப அசைவு எனக் குறிப்பிடுவர். பிறவியிலேயே இந்நிலையை உடையவர் மிகச் சிலர். சில குடும்பங்களில் இது வழிவழியாக வருவதுண்டு. இதற்குக் காரணமாயுள்ள பரம்பரை அலகுகளில் ஒன்றைக் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2010ஆம் ஆண்டில் இனங்கண்டனர். கரு வளரும்போது நரம்பிழைகள் உடலின் நடுக்கோட்டைக் கடந்து மறுபுறம் செல்ல வழிகாட்டுவது அந்த அலகின் தொழில். வழிகாட்டி தவறினால், ஒரு புறத்து மூளையின் கட்டளை இரு கைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

நோயேதும் இல்லாத சிறு பிள்ளைகளிடமும் இதன் சாயலைக் காணலாம். புதிதாக எழுதப் பழகும் பிள்ளை, பென்சிலை இறுகப் பிடித்து நாக்கைக் கடித்துக்கொண்டு "அ" எழுதும்போது, மேசைமேல் கிடக்கும் மறு கையின் விரல்களும் நெளிவதைக் கண்டிராத ஆசிரியர் இலர். ஏறத்தாழப் பத்து வயதளவில் இந்த நெளிவு மறைந்துவிடுகின்றது. அதுவரை பிள்ளை கற்றது எழுத்தை மாத்திரமன்று. எழுதாத கையை அடக்கவும் அதன் மூளை கற்றுக்கொண்டது. அந்த அடக்கம் மூளையின் எவ்விடத்தில், எவ்வழியாக நிகழ்கின்றது? தலையைத் திறவாமலே இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு அண்மைக் கால நரம்பியலின் சுவையான அத்தியாயங்களுள் ஒன்று. அவ்விடையை நம்பிப் பாரிசவாத நோயாளரின் கையைக் குணப்படுத்தப் புறப்பட்டவர்கள் பட்ட அனுபவமும் அதனுடன் சேர்ந்தது.

மூளை வலம் இடம் என்னும் இரு பாதிகளாக அமைந்துள்ளது. வலப் பாதி உடலின் இடப்புறத்தையும், இடப் பாதி வலப்புறத்தையும் இயக்குகின்றன. தலையின் ஒரு பக்கத்திற் காயம்பட்டால் உடலின் மறு பக்கத்தில் வலிப்பு உண்டாகும் என்பதைப் பண்டைக் கிரேக்க வைத்திய நூல்களே குறித்துள்ளன. எனினும், மூளையின் எப்பகுதி கைகால்களை அசைக்கின்றது என்பதை எவரும் பரிசோதித்துக் காட்டியதில்லை. 1870ஆம் ஆண்டில் பேர்லின் நகரில் பிரித்ஸ், இற்சிக்கு என்னும் இரு இளம் வைத்தியர்கள் நாயின் மூளை மேற்பட்டையின் முற்பகுதியில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். எதிர்ப்புறக் கால் துடித்தது. மின்முனையைச் சற்று நகர்த்தியதும் வேறொரு தசை துடித்தது. மூளையில் இயக்கப் பிரதேசம் என ஒன்று உண்டென்பது அன்றே உறுதியாயிற்று.

நாயிற் கண்டதை மனிதனிற் காண எழுந்த ஆவல் விரைவிலேயே ஒரு துயர நிகழ்ச்சிக்கு வழிவகுத்தது. 1874ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் பாதலோ என்னும் வைத்தியர், புற்றுநோயால் மண்டையோடு அரிக்கப்பட்டு மூளை வெளித்தெரிந்த ஒரு பெண்ணின் மூளையுள் ஊசிகளைச் செலுத்தி மின்னோட்டம் பாய்ச்சினார். எதிர்ப்புறக் கை அசைந்தது. அப்பெண்ணுக்கு வலிப்பும் வந்தது. சில நாட்களில் இறந்தும் போனார். வைத்திய உலகம் இதனை வன்மையாகக் கண்டித்தது. கண்டித்தது நியாயமே. இருபதாம் நூற்றாண்டில் கனடாவின் மொன்றியல் நகரில் பென்பீல்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், வலிப்பு நோயாளரின் நன்மைக்காகவே மண்டையைத் திறக்க நேர்ந்தபோது, விழித்திருந்த அவர்களின் மூளையை இடம் இடமாகத் தொட்டறிந்தார். உடலின் எவ்வுறுப்புக்கு மூளையில் எவ்விடம் என்பதைக் காட்டும் படத்தை அவரும் போல்ட்றி என்பவரும் 1937இல் வெளியிட்டனர். அப்படத்தில் முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் சிறிது; கைக்கும் விரல்களுக்கும் கிடைத்த இடமோ மிகப் பெரிது.

இனி, இவ்விரு பாதிகளையும் இணைக்கும் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூளையின் நடுவே, இரு பாதிகளுக்கும் இடையிலுள்ள பிளவின் அடியில், வெண்மை நிறமான தடித்த நரம்புப் பட்டை ஒன்று உண்டு. முன்பின்னாக ஏறத்தாழப் பத்துச் சென்ரிமீற்றர் நீளமுள்ள இதற்குக் கோர்ப்பசு கலோசம் என்பது இலத்தீன் பெயர். இதனுள் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குச் செல்கின்றன. மூளையின் ஒரு பாதியிலிருந்து முள்ளந்தண்டுக்குள் இறங்கிக் கைகால்களை இயக்கும் பெருவழியில் உள்ள இழைகளோ பத்து இலட்சம் அளவினவே. கட்டளையிடும் கம்பிகளிலும் பார்க்க, இரு பாதிகளும் தம்முட் கலந்து பேசும் கம்பிகள் பன்மடங்கு அதிகம் என்பது சிந்திக்கத்தக்கது.

இத்துணைப் பெரிய பாலத்தின் பயன் நெடுங்காலம் விளங்கவில்லை. 1940ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் றொச்செஸ்ற்றர் நகரில், கடும் வலிப்பு ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் பரவாதிருக்கும்பொருட்டுச் சில நோயாளரின் பாலத்தைச் சத்திரசிகிச்சையாளர் துண்டித்தனர். அவர்களைச் சோதித்தவர்களுக்குப் பெரிய மாற்றம் எதுவும் தென்படவில்லை. அக்காலத்து அறிஞர் ஒருவர், வலிப்பைக் கடத்துவதே இப்பாலத்தின் தொழில் போலும் என்றார். இன்னொருவர், இரு பாதிகளும் சரிந்துவிடாமல் தாங்கிக்கொள்வதே அதன் தொழில் போலும் என்றார். வேடிக்கைப் பேச்சுத்தான். ஆயினும், அறியாமையின் ஆழத்தை அது நன்கு காட்டிற்று.

சரியான சோதனை செய்யப்பட்டபோது நிலைமை மாறியது. 1962ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிசு நகரில் போகன், வோகல் என்னும் சத்திரசிகிச்சையாளர்கள் அதே சிகிச்சையை வேறொரு நோயாளருக்குச் செய்தனர். பேராசிரியர் றொஜர் ஸ்பெரியும் அவருடைய மாணவர் கசானிகாவும் அந்நோயாளரைப் பல்லாண்டு சோதித்தனர். வர்ணக் கட்டைகளை அடுக்கிப் படத்திற் கண்ட உருவை அமைக்குமாறு கேட்டபோது, அவருடைய இடக்கை எளிதிற் செய்து முடித்தது, வலக்கை தடுமாறியது. வலக்கை தடுமாறும்போது இடக்கை தானே எழுந்து உதவ வந்தது. இரு கைகளும் ஒரே மனிதனுக்குரியவை என்பதே ஐயமாகும்படி அவை ஒன்றோடொன்று முரண்பட்டன. இவ்வாராய்ச்சிக்காக ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாலம் கைகளுக்கு என்ன செய்கின்றது என்பதை நேயர்கள் வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். ஒரு தாளும் இரண்டு பென்சில்களும் போதும். வலக்கையால் வட்டமும் இடக்கையால் சதுரமும் ஒரே வேளையில் வரைய முயன்றால், வட்டத்துக்கு மூலைகள் முளைக்கும்; சதுரத்தின் மூலைகள் மழுங்கும். ஒரு கையின் திட்டம் மறு கையின் திட்டத்துட் கசிந்துவிடுகின்றது. இதையொத்த சோதனையைப் பாலம் துண்டிக்கப்பட்டவர்களிடம் செய்து 1996இல் வெளியிட்டவர்கள், அவர்கள் இரு கைகளாலும் இரு வேறு உருவங்களை இடரின்றி வரைந்தனர் என அறிவித்தனர். உருவத்தில் கலப்பு இல்லை. ஆயினும், இரு கைகளும் கோட்டைத் தொடங்குவதும் முடிப்பதும் அவர்களிடத்தும் ஒரே தாளத்திலேயே நடந்தன. ஆகவே, இரு கைகளையும் பிணைக்கும் கட்டுகள் யாவும் இப்பாலத்தினூடே செல்வன அல்ல. தாளத்தைக் காக்கும் கட்டு மூளையின் ஆழத்தில் வேறெங்கோ இருக்கின்றது.

பாலம் அறுந்தவர்களிடமிருந்து அறியக்கூடியவை இவ்வளவே. பாலம் நன்றாயிருக்கும் மனிதனில், கை அசையும் கணத்தில், ஒரு பாதி மறு பாதிக்கு என்ன சொல்லுகின்றது? இதனை அறிய, மண்டையைத் திறவாமலும் நோவு கொடாமலும் மூளையைத் தட்டி எழுப்பும் கருவி ஒன்று வேண்டியிருந்தது.

1980ஆம் ஆண்டில் இலண்டனில் மேட்டன், மோட்டன் என்னும் இருவர் தலைத் தோலின்மீது மின்முனைகளை வைத்து, மிகக் குறுகிய உயர் அழுத்த மின்சாரத்தைப் பாய்ச்சி, எதிர்ப்புறக் கையைத் துடிக்கச் செய்தனர். முறை பலித்தது. ஆனால், மின்சாரத்தின் பெரும் பகுதி தோலிலும் தசையிலுமே செலவானபடியால் நோவு கடுமையாயிருந்தது. ஐந்தாண்டுகளின் பின்னர், 1985இல், இங்கிலாந்தின் செபீல்ட் நகரில் அந்தனி பாக்கர் என்பவரும் அவருடைய துணைவர்களும் வேறு வழி கண்டனர். காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டம் பிறக்கும் என்பதை மைக்கேல் பரடே 1831இலேயே கண்டறிந்தார். அந்த உண்மையையே செபீல்ட் ஆராய்ச்சியாளர் பயன்படுத்தினர். செப்புக் கம்பிச் சுருள் ஒன்றைத் தலையின்மீது பிடித்து, அதனூடே பல ஆயிரம் அம்பியர் மின்னோட்டத்தை ஒரு செக்கனில் ஆயிரத்திலொரு பங்கினும் குறைந்த நேரத்துக்குச் செலுத்தினர். காந்தப்புலத்துக்குத் தோலும் எலும்பும் தடையல்ல. அது உள்ளே சென்று மூளை மேற்பட்டையில் சிறு மின்னோட்டத்தைப் பிறப்பிக்கின்றது. சுருளிலிருந்து "டக்" என ஓர் ஒலி. தலையில் மெல்லத் தட்டியது போன்ற உணர்ச்சி. உடனே எதிர்ப்புறக் கைவிரல் ஒன்று துள்ளுகின்றது. விரல் துள்ளுவதை அதன் உரிமையாளரே வியப்புடன் பார்த்திருப்பார். அவர் அதை அசைக்க நினைக்கவே இல்லை!

வலிப்பு உள்ளவர்களுக்கும், தலையினுள் உலோகம் பதித்தவர்களுக்கும் இக்கருவியை எளிதிற் பயன்படுத்துவதில்லை. பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் மற்றையோருக்கு ஆபத்து மிகக் குறைவு. மனச்சோர்வு நோய்க்கு மருந்து பயன்படாதவிடத்து, இதே தத்துவத்தில் அமைந்த சிகிச்சைக்கு அமெரிக்க அரசு 2008இல் அனுமதி அளித்தது. அது வேறு கதை.

கைக்கு வருவோம். கையின் தசைமீது ஒட்டிய தகடுகள், தசையில் எழும் மின்துடிப்பின் அளவைப் பதிவு செய்கின்றன. மூளையின்மீது காந்தத் துடிப்புக் கொடுத்ததிலிருந்து பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தசை துடிப்பது வரை ஏறத்தாழ 20 மில்லிசெக்கன் ஆகும். மில்லிசெக்கன் என்பது செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு. துடிப்பு பெரிதாயின் மூளையின் அவ்விடம் எழுச்சியுடன் இருக்கின்றது என்றும், சிறிதாயின் அடங்கியிருக்கின்றது என்றும் கொள்ளலாம். கதவைத் தட்டி, உள்ளிருந்து வரும் குரலைக்கொண்டு வீட்டார் விழித்திருக்கின்றனரா உறங்குகின்றனரா என அறிவது போன்றதே இது.

1992ஆம் ஆண்டில் பேபேட் என்பவரும் இலண்டனைச் சேர்ந்த றொத்வெல், மார்ஸ்டன் முதலியோரும் இரண்டு சுருள்களைக்கொண்டு ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். ஒரு சுருளை வலப் பாதியின் கைப் பிரதேசத்தின்மீதும், மற்றையதை இடப் பாதியின் கைப் பிரதேசத்தின்மீதும் வைத்தனர். இடப் பாதியை மட்டும் தட்டினால் வலக்கை வழக்கமான அளவிற் துடித்தது. முதலில் வலப் பாதியைத் தட்டி, மிகச் சிறிய இடைவெளியின் பின் இடப் பாதியைத் தட்டினால் என்னாகும்? இடைவெளி மூன்று நான்கு மில்லிசெக்கனாக இருந்தபோது விளைவு ஒன்றுமில்லை. ஆறு மில்லிசெக்கனை எட்டியதும் வலக்கையின் துடிப்புச் சுருங்கியது. வலப் பாதியில் எழுந்த செய்தி இடப் பாதியை அடைந்து, "அடங்கு" எனச் சொல்ல எடுத்த நேரம் அது. இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்குகின்றன என்பது, மண்டை திறவாத மனிதரில் அளந்து காட்டப்பட்டது.

செய்தி சென்ற வழி பாலந்தான் என்பதற்குச் சான்று வேண்டுமன்றோ? அதனை 1995இல் ஜெர்மனியைச் சேர்ந்த மையர் என்பவரும் துணைவர்களும் அளித்தனர். ஒருவர் தம் கைத்தசையை இறுக்கிக்கொண்டிருக்கும்போது அதே புறத்து மூளைப் பாதியைத் தட்டினால், மறு பாதி ஒரு கணம் அடக்கப்பட்டு, இறுகிய தசை சில மில்லிசெக்கன் ஓய்ந்துவிடும். பிறவியிலேயே பாலம் இல்லாதவர்களையும், பாலத்தின் ஒரு பகுதி சிதைந்தவர்களையும் அவர்கள் சோதித்தனர். பாலத்தின் நடுத்தண்டு கெட்டிருந்தவர்களிடம் அந்த ஓய்வு இல்லாமலோ குறைந்தோ காணப்பட்டது.

இங்கு ஒரு விந்தை உண்டு. பாலத்தைக் கடக்கும் நரம்பிழைகளிற் பெரும்பாலானவை இயல்பில் அடக்குவன அல்ல, தூண்டுவனவே. அவை மறு பாதியை அடைந்து, அங்குள்ள சிறு நரம்புக் கலங்களைத் தூண்டுகின்றன. அடக்கும் தொழில் அச்சிறு கலங்களுடையது. அயலூரிலிருந்து வரும் அதிகாரி தாமே எவரையும் அடக்குவதில்லை. உள்ளூர்க் காவற்காரனை எழுப்பிவிடுகிறார், அவ்வளவே. இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை இருக்கின்றது. உள்ளூர்க் காவற்காரன் வேளைக்கேற்ப இறுகவும் தளரவும் முடியும். அதே பாலம் ஒரு சமயம் தடையாகவும் மறு சமயம் உதவியாகவும் இருக்க இதனால் இயல்கின்றது.

அவ்வாறு மாறுவதைக் கண்டவர்கள் அமெரிக்காவின் பெதெஸ்தா நகரிலுள்ள தேசிய சுகாதார நிலையத்து ஆராய்ச்சியாளர்கள். முறாசே, கோகன் முதலிய அவர்கள் 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் ஒரு திருப்பமாக அமைந்தது. அடையாளம் தோன்றியதும் சுட்டுவிரலை விரைந்து அசைக்குமாறு அவர்கள் பணித்தனர். அடையாளம் தோன்றுவதற்கும் விரல் அசைவதற்கும் இடையிலுள்ள அற்ப நேரத்தை மேலும் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் இரு சுருள்களால் தட்டிப் பார்த்தனர். நோயற்றவர்களிடம் தொடக்கத்தில் அடக்கம் வலிதாக இருந்தது. அசைவு நெருங்க நெருங்க, அசையப்போகும் கைக்குரிய பாதியின் மீதான அடக்கம் தளர்ந்தது. அசையும் தறுவாயில் அது நீங்கி, ஊக்கமாகவே மாறிற்று. மறு பாதி பிடியை விட்டு வழிவிடுகின்றது. ஒவ்வொரு முறை விரலை நீட்டும்போதும், அரைச் செக்கனும் நிறையாத நேரத்துள், இப்பிடித்தலும் விடுதலும் நடந்து முடிகின்றன.

பயிற்சியால் இப்பிடி மாறுமா என்பதையும் சிலர் ஆராய்ந்தனர். பியானோவிலும் மிருதங்கத்திலும் இரு கைகளும் ஒரே வேளையில் வேறு வேறு வேலை செய்ய வேண்டும். வலந்தலையில் ஒரு சொல்லும் தொப்பியில் இன்னொரு சொல்லும் எழ, தாளம் மட்டும் ஒன்றாயிருக்கும். ஏழு வயதுக்கு முன் பயிற்சி தொடங்கிய மேல்நாட்டு வாத்தியக்காரர்களிடம் மூளைப் பாலத்தின் முற்பாதி மற்றவர்களிலும் பெரிதாயிருந்தது எனச் சிலோக்கு என்பவரும் துணைவர்களும் 1995இல் அறிவித்தனர். இரு பாதிகளுக்கிடையேயான அடக்கம் வாத்தியக்காரர்களிடம் குறைந்திருந்தது என அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 2000ஆம் ஆண்டில் கண்டனர். பயிற்சி பாலத்தை வளர்த்ததா, அன்றிப் பெரிய பாலமுள்ள பிள்ளைகளே வாத்தியத்தில் நிலைத்தனரா என்பதை இவ்விரு அளவீடுகளை மாத்திரம் கொண்டு தீர்மானித்தல் அரிது.

இனி நோயாளர் பக்கம் திரும்பலாம். மூளையின் ஒரு பாதிக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ எதிர்ப்புறக் கைகால்கள் செயலிழக்கும். இதுவே பாரிசவாதம். பலருக்குக் கால் ஓரளவு தேறி நடக்க இயலும். கை தேறுவது அரிது. சோறு பிசையவும், பொத்தான் பூட்டவும், பேரப்பிள்ளையின் தலையைக் கோதவும் இயலாமற் போன அக்கை, வீட்டிலுள்ள அனைவருக்கும் நாள்தோறும் கண்முன் நிற்கும் துயரம். ஆகவே, கையைத் தேற்றுவதற்கு வழி என்று எவரேனும் எதையேனும் சொன்னால், அதைப் பற்றிக்கொள்ள ஆயிரம் கைகள் நீளும்.

முறாசே குழுவினர் பாரிசவாதம் ஏற்பட்டு நாட்பட்ட நோயாளரையும் அதே முறையிற் சோதித்திருந்தனர். பலவீனமான கையை அசைக்க முயலும்போது, நோயற்ற பாதியிலிருந்து வரும் அடக்கம் தளரவேண்டிய நேரத்தில் தளரவில்லை. அசைவின் தறுவாயிலும் பிடி இறுகியே இருந்தது. எவருக்குப் பிடி மிக இறுகியிருந்ததோ அவருடைய கையே மிக மந்தமாகவும் இருந்தது. இதிலிருந்து அழகிய கொள்கை ஒன்று உருவாயிற்று. இரு பாதிகளும் தராசின் இரு தட்டுகள் போன்றவை. ஒரு தட்டு நோயால் இலேசாகிவிட்டது. மறு தட்டு தாழ்ந்து, இலேசானதை எழவொட்டாமற் செய்கின்றது. நோயற்ற பாதியைச் சிறிது அடக்கினால் நோயுற்ற பாதி தலைதூக்கும் அன்றோ?

காந்தச் சுருளைக் கொண்டே அதனை அடக்கவும் முடியும். செக்கனுக்கு ஒரு முறை வீதம் பல நிமிடங்கள் தொடர்ந்து தட்டினால், தட்டப்பட்ட இடம் பின்னர்ச் சிறிது நேரம் சோர்ந்திருக்கும். 2005இல் யப்பானைச் சேர்ந்த தக்கெயுச்சி முதலியோர் நோயற்ற பாதியை அவ்வாறு 25 நிமிடம் தட்டியபோது, நோயுற்ற கையின் அசைவு சிறிது விரைவடைந்தது. சில நோயாளரைக் கொண்ட வேறு சிறு பரிசோதனைகளும் இதனை ஆதரித்தன. உலகின் பல வைத்தியசாலைகளில் இம்முறை ஆர்வத்துடன் கைக்கொள்ளப்பட்டது.

ஆயினும், எச்சரிக்கைக் குரல் முன்னரே எழுந்திருந்தது. 2002ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யொகான்சன் பேர்க் முதலியோர், பாரிசவாத நோயாளர் பலவீனமான கையை அசைக்க ஆயத்தமாகும் தறுவாயில், நோயற்ற பாதியின் இயக்கப் பிரதேசத்துக்குச் சற்று முன்னாலுள்ள இடத்தைத் தட்டிக் குழப்பினர். நோயாளரின் கை தாமதித்தது. நோயற்றவர்களின் கை தாமதிக்கவில்லை. பலவீனம் மிகுந்தவர்களிலேயே தாமதம் அதிகம். அவ்வாறாயின், நோயற்ற பாதி அவர்களுக்குப் பகையாக இருக்கவில்லை; துணையாகவே இருந்தது. ஒரு வீட்டில் மூத்தவன் நோயுற்றால், இளையவன் சொத்தை அபகரிக்கவும் கூடும்; சுமையைத் தாங்கவும் கூடும். எல்லா வீட்டு இளையவனும் ஒரே தன்மையன் என்று கொள்ளுதல் தவறு.

பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்தது. பன்னிரண்டு நிலையங்களில் 199 நோயாளர் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு நோயற்ற பாதியின்மீது உண்மையான காந்தத் துடிப்பும், மற்றச் சாராருக்கு ஒலியும் உணர்வும் ஒத்த போலித் துடிப்பும் கொடுக்கப்பட்டன. எவருக்கு எது என்பது நோயாளருக்குத் தெரியாது. இரு சாராரும் துடிப்பை அடுத்துக் கைப்பயிற்சி செய்தனர். முடிவு 2018இல் வெளிவந்தது. உண்மைத் துடிப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 67 பேர் குறிப்பிட்ட அளவு தேறினர். போலித் துடிப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 65 பேர் அதேயளவு தேறினர். வேறுபாடு இல்லை என்றே சொல்லவேண்டும். இதில் ஏமாற்றத்தை மாத்திரம் காண்பவர், போலித் துடிப்புப் பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர் தேறியதைக் காணத் தவறுகின்றனர். இரு சாராருக்கும் பொதுவாயிருந்தவற்றில் முதன்மையானது, சலியாது செய்த கைப்பயிற்சி.

கொள்கையின் அடித்தளத்தையே அசைத்த ஆராய்ச்சி அடுத்த ஆண்டு வந்தது. முன்னைய ஆராய்ச்சிகளிற் பல, நோய் ஏற்பட்டுப் பல மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தவர்களை ஒரு முறை அளந்தவை. சூ, செல்னிக்கு முதலியோர் நோயாளரை நோய் ஏற்பட்ட முதல் வாரங்களிலிருந்து ஓராண்டு வரை திரும்பத் திரும்ப அளந்து, முடிவை 2019இல் வெளியிட்டனர். தராசுக் கொள்கை மெய்யாயின், கை மிகப் பலவீனமாயிருக்கும் தொடக்க காலத்திலேயே பிடி இறுகியிருக்க வேண்டும். கை தேறத் தேறப் பிடி தளரவேண்டும். கண்டதோ நேர்மாறு. தொடக்கத்தில் அவர்களுடைய பிடி நோயற்றவர்களுடையதைப் போலவே உரிய நேரத்தில் தளர்ந்தது. கை ஓரளவு தேறிய பின்னரே, நாட்பட்ட நிலையிலேயே, பிடி தளராமை தோன்றியது. பின்னால் வந்த ஒன்று முன்னாலிருந்த பலவீனத்துக்குக் காரணமாதல் எங்ஙனம்? 2004இற் கண்ட அளவீடு பொய்யன்று. அதே தளராமையை இவர்களும் நாட்பட்ட நிலையிற் கண்டனர். அளவீட்டின்மீது கட்டிய காரணக் கதையே ஐயத்துக்குரியதாயிற்று.

அப்படியாயின் அத்தளராமை எதற்காகத் தோன்றுகின்றது? தேறிய கையை நோயாளர் வேறு வகையாகப் பயன்படுத்தப் பழகுவதன் விளைவா? இன்றுவரை தீர்க்கமான விடை இல்லை. ஆராய்ச்சியாளர் இப்போது எல்லா நோயாளரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதை விட்டு, கைக்கு இறங்கும் பெருவழியில் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பதை முதலில் அளக்க முயல்கின்றனர். நோயுற்ற பாதியைத் தட்டும்போது பலவீனமான கையில் சிறு துடிப்பேனும் எழுந்தால், வழி முற்றாக அறவில்லை என்பது தெரியும். அவ்வழி பெரும்பாலும் அற்றுப்போன ஒருவரிடத்து, நோயற்ற பாதியை அடக்கினால், அவருக்கு எஞ்சியுள்ள ஒரே துணையையும் அடக்கியதாக முடியலாம். ஆகவே, சுருளைத் தலையின் எப்பக்கத்தில் வைப்பது என்பதைத் தீர்மானிக்குமுன், அதே சுருளைக்கொண்டு அந்தக் கையையே ஒரு முறை கேட்டுப் பார்க்கின்றனர்.